கரையிலிருந்தே இறங்கிப் பவளப்பாறை பார்க்க: ஸ்கூபா டைவிங், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படகு வேண்டாம், கரையிலிருந்து நடந்தே போய்த் தண்ணீரில் இறங்கலாம், நூறு இருநூறு மீட்டரில் பவளப்பாறை இருக்கிறது என்று சொன்னவுடன் பலருக்கும் வருகிற முதல் வார்த்தை, “அப்ப சுலபம்தானே!” ஆழம் குறைவு என்பது உண்மை. சுலபம் என்பது பாதிதான் உண்மை. படகிலிருந்து குதிப்பவருக்கு அலை உடைகிற இடத்தைப் பற்றிக் கவலை இல்லை. கரையிலிருந்து போகிறவர் அதைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை தாண்டியாக வேண்டும். புதியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

கரையோரப் பவளப்பாறை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பவளத்திட்டுகளைக் கரையொட்டியவை, கரையிலிருந்து விலகித் தடுப்புச் சுவர்போல் நிற்பவை, வளைய வடிவத் தீவுகளாக ஆனவை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னவர் சார்லஸ் டார்வின். 1842இல் வெளியான அவருடைய பவளப்பாறை ஆய்வில் வந்த அந்தப் பிரிவினைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாம் பேசுவது முதல் வகையைப் பற்றி.

கரையில் நின்று கடலைப் பார்த்தால் அதன் அமைப்பு ஓரளவு புரிந்துவிடும். முதலில் மணல், ஆழமில்லாத தெளிந்த தண்ணீர். அப்புறம் பழுப்பும் பச்சையுமாகப் பரந்து கிடக்கும் மேடை. அதன் வெளிப்பக்கம் அலை வெள்ளையாக உடைகிற கோடு தெரிகிறதே, அதுதான் விளிம்பு. விளிம்பைத் தாண்டினால் பாறை சரிந்து ஆழத்துக்கு இறங்கும். நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் அந்தச் சரிவைத்தான். விளிம்பில் ஆங்காங்கே இடைவெளி இருக்கும். அங்கே அலை உடையாது, தண்ணீரின் நிறமும் கொஞ்சம் கருநீலமாக இருக்கும். அதை இனி ‘வாய்’ என்றே சொல்கிறேன், நிறைய தடவை வரப்போகிறது.

முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் சிலிண்டர்தானே?

இல்லை. நீங்கள் இப்போது சுவாசிக்கிற அதே காற்று, வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்தது. ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்ஸிஜன், 78 சதவீதம் நைட்ரஜன். சுத்தமான ஆக்ஸிஜனை சுமார் 6 மீட்டர் ஆழத்துக்குக் கீழே சுவாசித்தால் அது நரம்பு மண்டலத்தையே தாக்கி வலிப்பை வரவைக்கும். செய்திகளில் எல்லாம் ‘ஆக்ஸிஜன் சிலிண்டருடன் கடலில் குதித்தார்’ என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) இருக்கும் காற்றை அப்படியே வாயில் வைக்க முடியாது. உறிஞ்சும்போது மட்டும், அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் குறைத்துத் தருவது ரெகுலேட்டர். ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் பிரான்ஸில் உருவாக்கிய கருவியிலிருந்து இன்றுள்ளவை வரை அடிப்படை யோசனை இதுதான்.

நீச்சல் தெரியாமல் ஸ்கூபா செய்யலாமா?

பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப்போகும் அறிமுக டைவ் பல இடங்களில் நீச்சல் தெரியாதவர்களுக்கும் உண்டு. ஆனால் சான்றிதழ்ப் படிப்பு என்று வந்தால் நீச்சல் சோதனை இருக்கும். பாடி என்ற பெரிய பயிற்சி அமைப்பில் 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்க்க மாட்டார்கள்.

என் கருத்து: கரையிலிருந்து இறங்குவதாக இருந்தால் நீச்சல் கட்டாயம். சிலிண்டர் காலியான பிறகும் கரை 150 மீட்டர் தள்ளி இருக்கலாம். அந்த 150 மீட்டரை மேல்மட்டத்தில் நீந்தித்தான் கடக்க வேண்டும்.

ஆழம் ஐந்து, பத்து மீட்டர்தான். அதில் என்ன ஆபத்து?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3, முப்பதில் 4. மேலிருந்து பத்துக்குப் போகையில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. இருபதிலிருந்து முப்பதுக்குப் போகையில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. உடம்பிலுள்ள காற்று அதிகமாகச் சுருங்கி விரிவது முதல் பத்து மீட்டரில்தான் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆகவே ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்ற விதிக்கு ஆழம் குறைந்த இடத்தில்தான் மதிப்பு அதிகம். நுரையீரல் நிறைய அழுத்தக் காற்றை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி ஒன்றரை மீட்டர் மேலே வந்தால்கூட நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. அந்தக் காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நீச்சல் குளத்திலும் இது நடக்கும். கரையோரத்தில் அலை உங்களைச் சட்டென்று ஒரு மீட்டர் தூக்கிப் போடும், பதற்றத்தில் கை கால் உதறுவீர்கள், மூச்சும் தானாக அடைபடும். ஊதிக்கொண்டே இருங்கள், மெல்லிய குமிழி போய்க்கொண்டே இருக்கட்டும்.

இறங்கியவுடன் காது வலிக்கிறதே?

அதே கணக்குதான் காரணம். ஒன்றிரண்டு மீட்டரிலேயே செவிப்பறை உள்நோக்கி அழுந்தத் தொடங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூக்கு வழியே காற்றை விட முயன்றால் காதுக்குள் ஒரு சின்ன ‘டப்’ கேட்கும், சமமாகிவிட்டது. வலி வந்த பிறகு செய்வதில் பயனில்லை, வருவதற்கு முன்பே ஒவ்வொரு அரை மீட்டருக்கும் செய்ய வேண்டும். போகவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். ஓங்கி ஊதாதீர்கள்.

சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையின் வேகம் நீருக்கடியிலேயே தீர்ந்துபோனால், மேலே வரும்போது உள்ளே விரிகிற காற்றுக்கு வெளியேற வழி இருக்காது.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக்கூடாது, அதாவது 600 லிட்டர் போனால் மிச்சம் 1800. புதியவர் ஒருவர் மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் அது 40 ஆகிவிடும், 45 நிமிடம் வரும். ஐந்து மீட்டரில் 30 லிட்டர், ஒரு மணி நேரம். இருபது மீட்டரில் 60 லிட்டர், அரை மணி நேரம்தான். பழகப் பழக மூச்சு நிதானப்படும், நேரமும் கூடும்.

கரையோர டைவில் இன்னொரு கணக்கும் உண்டு. போன வழியிலேயே திரும்ப வேண்டுமே. 200இல் தொடங்கி 50இல் முடிக்க வேண்டும் என்றால் நடுவில் இருப்பது 125. அழுத்தம் காட்டும் கருவியின் முள் அங்கே வந்தவுடன் திரும்புங்கள், எதிரே எவ்வளவு அழகான ஆமை நின்றாலும் சரி. நான் 130இலேயே திரும்பிவிடுவேன், ஆமை எங்கேயும் ஓடிப்போகாது.

காற்றைத் தவிர நைட்ரஜனும் நேரத்தைக் கட்டுப்படுத்தும். ஆழத்தில் இருக்க இருக்க அது உடலில் கரையும், அளவு மீறினால் அது வெளியேறுவதற்காக வழியில் நின்று நின்றுதான் மேலே வர முடியும். அப்படி நிற்கத் தேவையில்லாமல் கீழே இருக்கக்கூடிய நேரம், பாடி அமைப்பின் பட்டியல்படி 10 மீட்டரில் 219 நிமிடம், 18 மீட்டரில் 56 நிமிடம். அதனால் ஆழம் குறைந்த பாறையில் உங்கள் எல்லையைப் பெரும்பாலும் காற்றுதான் தீர்மானிக்கும். ஆனாலும் ஆழத்தையும் மிச்ச நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கையில் இருக்கட்டும்.

எந்த நேரத்தில் இறங்குவது நல்லது?

ஏற்றம் முடியும் நேரத்தில். இதைப் பொறுத்துத்தான் அன்றைய டைவ் இன்பமா துன்பமா என்பதே.

கடல் ஏறும்போது வெளியிலிருந்து தெளிந்த தண்ணீர் உள்ளே வரும், மேடையின் மேலும் ஆழம் கூடும், நீந்தியே கடக்கலாம். வற்றும்போது மேடைக்குள் தேங்கிய தண்ணீர் முழுவதும் வாய் வழியாக வெளியே பாயும், கலங்கலையும் மணலையும் சேர்த்துக்கொண்டு. அப்போது வாய் வழியாகப் போவது எளிது, ஆறு கடலுக்கு இழுத்துப்போவது மாதிரி போய்விடும். திரும்பி வருவதுதான் முடியாது.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் இடங்கள்தான் அதிகம். அந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே சீராக இறங்காது. முதல் இரண்டு மணி நேரத்தில் கால் பங்கு, நடு இரண்டு மணி நேரத்தில் பாதி, கடைசி இரண்டில் கால் பங்கு என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. நடுவில்தான் இழுவை அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அரைநிலா நாட்களில் கடல் கொஞ்சம் சாதுவாக இருக்கும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு அரை மணி, முக்கால் மணி முன்பு தண்ணீரில் இருங்கள்.

காற்று வீசாத அதிகாலை பொதுவாக நல்லது. பலத்த மழைக்கு மறுநாள் வேண்டாம். நிலத்திலிருந்து ஓடிவந்த சேறு மட்டுமா, கழிவும் கிருமியும் அதில் இருக்கும்.

அலை உடைகிற இடத்தை எப்படித் தாண்டுவது?

முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் கரையில் சும்மா நின்று பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில, அப்புறம் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எல்லாம் மாட்டிக்கொண்டு இருபத்தைந்து முப்பது கிலோ சுமந்து நிற்கிறவருக்கு இது எரிச்சலான காரியம். அதனால் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், பிசிடியில் (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) பாதிக் காற்று, காலில் மாட்டும் துடுப்பு கையில். இப்படித்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடந்தால் அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலால் குத்தும். தண்ணீர் நெஞ்சளவு வந்ததும் கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு துடுப்பு, அவர் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று மாட்டுங்கள். துடுப்பை மாட்டிவிட்டால் முன்னோக்கி நடக்காதீர்கள், தடுக்கி விழுவீர்கள். பக்கவாட்டிலோ பின்னோக்கியோ நடந்து, ஆழம் வந்தவுடன் நீந்தத் தொடங்கிவிடுங்கள். அலை தலைக்கு மேல் உடையும் போலிருந்தால் காற்றை விட்டு அடியில் போய்விடுவது நல்லது, மேலே நின்று அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அலை முழங்காலுக்கு மேல் உடைகிறது, நீங்கள் புதியவர் என்றால் அன்று கரையில் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம்.

வெளியே வருவது மட்டும் ஏன் அவ்வளவு கஷ்டம் என்கிறார்கள்?

களைத்திருப்பீர்கள், தாகமாக இருக்கும், சிலிண்டர் காலியாக இருக்கும், அலை முதுகுப் பக்கத்திலிருந்து வரும். அதோடு நீங்கள் போனபோது இருந்த கடல் இப்போது இருக்காது.

ஒருமுறை நானும் ஒரு நண்பரும் ஏற்றம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, ‘ஒரு மணி நேரம்தானே’ என்று இறங்கினோம். மேடையின் மேல் அப்போது இடுப்பளவுத் தண்ணீர், நீந்திக் கடந்தோம். உள்ளே அருமையான டைவ். திரும்பி விளிம்புக்கு வந்து தலையைத் தூக்கினால், மேடையில் முழங்காலளவுகூட இல்லை, பவளக் கிளைகளின் நுனி ஆங்காங்கே வெளியே தெரிகிறது. அலை என்னைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தது. எழுந்து நிற்பதற்குள் அடுத்த அலை. வெட்சூட்டின் முழங்கால் கிழிந்து, அதற்குள் முழங்காலும் கிழிந்தது. நண்பர் கொஞ்சம் புத்திசாலி, விளிம்புக்கு வெளியிலேயே மிதந்துகொண்டு, “பின்னால வா, பின்னால வா” என்று கத்தினார். இருவரும் விளிம்பை ஒட்டியே நீந்தி, அலையில்லாத ஒரு மணல் கரையைக் கண்டுபிடித்து ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. என் முழங்காலைவிட எனக்கு வருத்தம் தந்தது, நான் உட்கார்ந்து நொறுக்கிய பவளம்.

அன்றிலிருந்து, இறங்கும் இடத்தைப் பார்ப்பதற்கு முன் ஏறும் இடத்தைப் பார்க்கிறேன். கூடவே மாற்று இடம் ஒன்றும். வெளியே வரும்போது மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் காய்ந்த மணலைத் தொடும்வரை கழற்றக் கூடாது. எழுந்து நிற்க முடியாவிட்டால் நான்கு காலில் தவழ்ந்து வாருங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

நீருக்கடியில் வழி தவறிவிட்டால்?

முங்குவதற்கு முன் கரையை நோக்கித் திசைகாட்டியை வைத்து அந்த எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சரிவு வலக்கைப் பக்கம் இருக்கும்படி போனால், திரும்பும்போது இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். மணல் தரையில் விழுந்திருக்கும் வரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாகத்தான் ஓடும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஆழம் குறைகிற பக்கம் போனால் கரை. எதுவும் புரியவில்லையா, மெதுவாக மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முங்கலாம். அதற்கு முன் மிதவை ஒன்றை மேலே அனுப்பிவிடுங்கள், கரையோரத்தில் மோட்டார் படகுகள் வேகமாகப் போகும்.

நீரோட்டம் வெளியே இழுத்துக்கொண்டு போனால்?

எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் பெரும்பாலும் அதன் அகலத்தைத் தாண்டி வெளியே வந்துவிடலாம். பிசிடியில் காற்று நிரப்பினால் மூழ்க மாட்டீர்கள், அதை மறக்காதீர்கள். தாண்ட முடியாவிட்டால், மூழ்குவதற்காகக் கட்டியிருக்கும் எடையைக் கழற்றிவிட்டு, மிதவையை உயர்த்தி, விசில் ஊதிக்கொண்டு மிதந்திருங்கள். இதற்காகத்தான் கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

டைவ் தொடங்கும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போவது வழக்கம். களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.

எடை எவ்வளவு கட்ட வேண்டும்?

ஆளுக்கு ஆள், உடைக்கு உடை மாறும். நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது, உப்புத் தண்ணீர் அதிகமாகத் தூக்கும். பிசிடியைக் காலியாக்கி, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் மூச்சைப் பிடிக்கலாம், மேல்மட்டத்தில்தானே இருக்கிறீர்கள். 2000 லிட்டருக்கு மேல் காற்றின் எடை இரண்டரை கிலோவை நெருங்கும். அது தீர்ந்தபின் நீங்கள் அந்த அளவுக்கு லேசாகிவிடுவீர்கள் என்பதால், சோதனையைக் கிட்டத்தட்ட காலியான சிலிண்டருடன் செய்து பார்ப்பது நல்லது.

ஆழம் குறைந்த பாறையில் மிதப்பைச் சமன் செய்வது ஆழத்தைவிடக் கடினம். மேலே அலை போகும்போதெல்லாம் நீங்கள் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடுவீர்கள். ஆட்டத்தோடு போய் ஆட்டத்தோடு வாருங்கள். பவளத்தைப் பிடித்து நிற்க முயன்றால் கையும் போகும், பவளமும் போகும்.

ஒரு விரலால் தொட்டால் என்ன ஆகிவிடும்? பாறைதானே?

பாறை என்கிற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. மேல்பரப்பு முழுவதும் உயிர். ஆயிரக்கணக்கான சிறு உயிரிகள் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டி அதன்மேல் தோலைப்போல் ஒட்டி வாழ்கின்றன. அந்தத் தோலை உரசினால் புண், புண்ணில் பாசியும் நோயும். கிளைவிடும் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்வரை வளரும். உருண்டை வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். உங்கள் இடுப்புயர உருண்டை ஒன்றைக் கண்டால், அது உங்கள் பாட்டனாருக்கு முன்பே முளைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கையைவிட அதிகம் கெடுப்பது துடுப்பு. நமக்கே தெரியாமல் பின்னால் உதைத்துக்கொண்டிருப்போம். நிமிர்ந்து நிற்காமல் படுத்த நிலையில், தவளைபோல் காலை மடக்கி உதைத்தால் மணலும் கிளம்பாது.

பவளம் வெள்ளையாக இருந்தால் செத்துவிட்டதா?

உடனே இல்லை. பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. நிறத்தையும் உணவில் பெரும்பகுதியையும் தருவது அதுதான். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். எலும்பின் வெண்மை தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், தேறிவிடும். தணியாவிட்டால் பட்டினிதான். 1998இல் உலகம் முழுவதும் பரவலாக இப்படி வெளுத்தது. பின்னர் 2010இல், 2014 முதல் 2017 வரை, நான்காவது அலை நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். பழுப்பான இழைப்பாசி மூடிக் கிடக்கிறதே, அதுதான் செத்த பவளம்.

என்னென்ன பார்க்கலாம்?

கடல் தரையில் ஒரு சதவீதத்திலும் மிகச் சிறிய பங்குதான் பவளத்திட்டு. கடல் உயிரினங்களில் ஏறக்குறைய கால் பங்குக்கு அதுதான் ஆதாரம். ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம், என்ன பார்க்க முடியாது?

முதலில் கேட்பதைச் சொல்கிறேன். தலை மூழ்கியவுடன் காய்ந்த சருகை மிதிப்பது மாதிரி ஓயாத ஒரு சடசடப்பு கேட்கும். கொடுக்கைச் சொடுக்கும் சின்னஞ்சிறு இறால்களின் வேலை அது. தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அப்புறம் ‘கரக் கரக்’ என்று கடிக்கும் சத்தம். கிளிமீன் பவளத்தைச் சுரண்டுகிறது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அதன் வாலடியிலிருந்து வெள்ளைப் புகைபோல் ஒன்று கொட்டும். அது மணல். நீங்கள் கரையில் கால் பதித்து வந்த வெண்மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான்.

ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் இன்னொரு வேடிக்கை. பெரிய களவா மீன் ஒன்று வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும், நீலக் கோடு போட்ட விரல் நீள மீன் அதன் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணியைப் பொறுக்கும். வரிசையில் அடுத்த மீன் காத்திருக்கும். கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் குடும்பம் இருக்கும். அவை எல்லாம் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாகிறது. பொந்துக்குள் அஞ்சாலை என்ற பாம்பு போன்ற மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுகிறது என்று நினைப்பார்கள், அது மூச்சு விடுகிறது. பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) கண்டுபிடிக்க வேண்டுமானால் அதைத் தேடாதீர்கள், பொந்து வாசலில் குவிந்து கிடக்கும் காலிச் சிப்பிகளைத் தேடுங்கள்.

நீந்திக்கொண்டே இருப்பவருக்கு இதில் பாதிகூடத் தெரியாது. கரையோர டைவின் சுகமே அவசரமில்லாமல் ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுதான்.

கடிப்பது, கொட்டுவது எது?

தொடாவிட்டால் பெரும்பாலும் எதுவும் இல்லை. கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும், முதுகு முள்ளில் கடும் விஷம். சிங்கமீன், திருக்கை, இவற்றின் குத்துக்கும் முதலுதவி ஒன்றே: பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி, அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அழகான கூம்புச் சங்கு கிடந்தால் எடுக்காதீர்கள், உயிரோடிருந்தால் விஷ ஊசி பாய்ச்சும், அதில் இறந்தவர்கள் உண்டு. நெருப்புப் பவளம் பெயரில்தான் பவளம், உரசினால் தீப்பட்டதுபோல் எரியும்.

முட்டையிட்ட காலத்துக் கிளாத்தி மீன் மட்டும் வலியவே வந்து தாக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவம். ஆகவே மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்தால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். துடுப்பை அதன் பக்கம் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள்.

பவளக் கீறலைச் சின்னது என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, உள்ளே துணுக்கு இல்லாமல் எடுத்துவிட வேண்டும். ஆறுவதற்கு நாளாகும், என் முழங்காலைக் கேளுங்கள்.

சுறா?

பார்த்தால் அதிர்ஷ்டம். கரையோரப் பாறையில் வருபவை பெரும்பாலும் உங்களைக் கண்டு விலகிப் போகிறவை.

சன்ஸ்கிரீன் பூசலாமா?

முழுக்கை உடை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய இடமே குறைந்துவிடும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகியவை பவளத்துக்குக் கெடுதல் என்ற கவலையால் அவை கலந்த பூச்சுகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடுத்தது, பலாவ் நாடு 2020இலேயே தடுத்துவிட்டது. வெளுப்புக்கு முக்கியக் காரணம் கடல் சூடுதான். அதற்காகப் பாறையின் மேலேயே எண்ணெயை மிதக்கவிட வேண்டுமா என்ன?

எல்லாம் நீலமாகத் தெரிகிறது, படமும் அப்படியே வருகிறது. ஏன்?

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு. ஐந்து மீட்டருக்குள்ளேயே அது மங்கத் தொடங்கும், கை கீறினால் ரத்தம் ஆழத்தில் பச்சையாகத் தெரியும். மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில், உச்சி வெயிலில், பொருளுக்கு ஒரு முழம் தூரத்தில் எடுத்தால் விளக்கே தேவையில்லை. கேமரா வாங்குவதற்கு முன் மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பவளத்தை உடைக்கிறவர்களில் பாதிப் பேர் கையில் கேமரா இருக்கிறது, இது என் கண்ணளவுக் கணக்கு.

கண்ணாடி போடுபவர்கள்? மாஸ்க்கில் பனி படிந்தால்?

பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும். தண்ணீருக்கடியில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் சிறிய பவர் உள்ளவர்கள் இல்லாமலேயே சமாளிப்பார்கள். பனிக்கு மருந்து எச்சில். துப்பித் தேய்த்து, லேசாக அலசிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் இறங்கக் கூடாது?

இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, நுரையீரல் சுருங்கிய வரலாறு, காது அறுவைச் சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் டைவிங் தெரிந்த மருத்துவரின் எழுத்து அனுமதி வேண்டும். கர்ப்பிணிகள் வேண்டாம். படிவத்தில் பொய் எழுதாதீர்கள்.

மேலே வரும்போது நின்று வர வேண்டுமா? விமானம் எப்போது ஏறலாம்?

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். கரையோரத்தில் இது தானாக அமைந்துவிடும். சரிவிலேயே மெல்ல மெல்ல மேலே வந்தால் கடைசிப் பத்து நிமிடமும் ஐந்து மீட்டரில் மீன் பார்த்துக்கொண்டே போகும். விமானத்துக்கு ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. நான் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவேன். உயரமான மலைப்பாதையும் இதில் அடங்கும்.

இரவில் இறங்கலாமா?

பகலில் அதே இடத்தில் இறங்கிப் பழகியிருந்தால் தாராளமாக. பகலில் கல்லாகக் கிடந்த பவளம் இரவில் விரல் நுனியளவு கைகளை நீட்டி உண்ணும். கிளிமீன்களில் சில, வாயிலிருந்து ஒரு சளிப் பையைச் சுரந்து அதற்குள் தூங்கும், விளக்கை அதன் முகத்தில் அடிக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு விளக்கு வேண்டும், ஒன்று கெட்டுப்போவதற்கென்றே இருக்கிறது.

கரையிலும் இரண்டு விளக்கு வையுங்கள். தண்ணீர் ஓரத்தில் தாழ்வாக ஒன்று, அதற்கு நேர் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உயரமாக இன்னொன்று. வேறு வேறு நிறமாக இருந்தால் தெரு விளக்கோடு குழம்பாது. மேலே வந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் நீங்கள் வாய்க்கு நேரே இருக்கிறீர்கள். மேல் விளக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்களும் இடப்பக்கம் தள்ளிவிட்டீர்கள், வலப்பக்கம் நீந்துங்கள்.